தத்துப்பிள்ளை தேடுகிறீர்களா?



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நடக்கும் நாட்களில் பள்ளி அலுவலக மேசையில் உட்காருவது என் வேலை. பெற்றோர் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை நீட்டுவார்கள். நான் பார்த்து எழுதிக்கொள்வேன். சில ஆண்டுகளில் வரிசையின் கடைசியில் ஒரு தாய் மட்டும், எல்லாரும் போகட்டும் என்று ஒதுங்கி நிற்பார். கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "டீச்சர், இது நாங்க எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்பார். கையில் தடுப்பூசி அட்டை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அதனாலோ என்னவோ, பிள்ளையில்லாத தம்பதியர் பலர் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "டீச்சர், தத்து எடுக்கப் பிள்ளை எங்கே கிடைக்கும்?" கிள்ளான் ஜாலான் துங்கு கிளானாவில் கடை வைத்திருப்பவரும் கேட்டிருக்கிறார், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் என் தூரத்து உறவுத் தங்கையும் கேட்டிருக்கிறாள். சந்தையில் மீன் கிடைக்குமா என்பதுபோல் இருக்கிறதே என்று முன்பெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மருத்துவமனைக்கும் கோயிலுக்குமாக நடந்து தேய்ந்தவர்கள் வேறு எந்த வார்த்தையில் கேட்பார்கள்?

பிள்ளை கொடுப்பதும் எடுப்பதும் நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. அக்காளுக்கு ஐந்து இருந்தால் தங்கைக்கு ஒன்று. பிரசவத்தில் தாய் போய்விட்டால் பக்கத்து லயத்துக்காரி மார்பில் போட்டுக்கொள்வாள். சீனர் வீட்டுப் பெண் குழந்தைகள் தமிழர் வீடுகளில் வளர்ந்த கதையும் இந்நாட்டில் ஏராளம். ஜப்பான்காரன் காலத்திலும் அதற்குப் பிந்திய வறுமைக் காலத்திலும், பெண் பிள்ளை வேண்டாமென்றோ, பிறந்த நேரம் சரியில்லையென்றோ, சோற்றுக்கு வழியில்லாமலோ கொடுக்கப்பட்ட குழந்தைகள் அவர்கள். என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு பாட்டி இருந்தார். சிவந்த முகம், இடுங்கிய கண். ஆனால் கண்டாங்கிச் சேலையும் மூக்குத்தியும் வாய் நிறைய வெற்றிலையும். மாரியம்மன் திருவிழாவில் முதல் கும்மி அவருடையது. சீன மொழியில் ஒரு சொல் தெரியாது. அவருக்குக் கடைசி வரை சிவப்பு அடையாளக் கார்டுதான். அந்தக் கார்டின் நிறத்துக்கு என்ன பொருள் என்று அன்று எனக்குத் தெரியாது.

அன்று கைமாறிக் கொடுத்த வாக்குக்கு மதிப்பு இருந்தது. கிராணி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் காரியம் நடந்தது. இன்று நடக்காது. ஆகவே பிள்ளையைத் தேடுவதற்கு முன், பிள்ளைக்கு என்ன பத்திரம் வரும் என்பதைத் தேடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு மாணவன். அவன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தேடத் தொடங்குபவர்கள் முதலில் போகவேண்டிய இடம் சமூக நல இலாகா. 1946-ஆம் ஆண்டு முதல் இருக்கும் இலாகா இது. புத்ராஜெயா வரை போகவேண்டியதில்லை. கிள்ளான், பெட்டாலிங், கோலா லங்காட் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் அலுவலகம் உண்டு. அங்கே வளர்ப்புப் பெற்றோராக விரும்புகிறோம் என்று பதிந்துகொள்ளவேண்டும். அதிகாரி பேசிப் பார்ப்பார், வீட்டுக்கு வருவார். பலர் இதற்கே பயந்து பின்வாங்குகிறார்கள். "நம்ம வீடு சின்னது, அவங்களுக்குப் பிடிக்குமா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார். சலவைக்கல் தரை இருக்கிறதா என்று பார்க்க அவர் வருவதில்லை அம்மா. பிள்ளைக்குப் படுக்க இடம் உண்டா, வருமானம் நிலையாக வருகிறதா, கணவனும் மனைவியும் ஒருமனதாக இருக்கிறீர்களா, மாமியார் என்ன சொல்கிறார் என்று பார்க்க வருகிறார்.

இந்த வழியில் காத்திருப்பு நீளலாம். கைவிடப்பட்ட பிள்ளைகளை 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி நீதிமன்றம் முதலில் இரண்டு ஆண்டு வளர்ப்புக்கு மட்டும் ஒப்படைப்பதும் உண்டு; அதற்குள் பெற்றோர் வந்து உரிமை கோராவிட்டால் தத்துக்கு வழி பிறக்கும். முஸ்லிம் குழந்தை முஸ்லிம் குடும்பத்துக்கே போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். தலைநகர் செராஸில் உள்ள துங்கு புட்ரியா சிறார் இல்லத்தில் குழந்தைகள் இருக்கிறார்களாமே, நேரே போய்ப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். அது அரசாங்க இல்லம். தேர்ந்தெடுத்து வருவதற்கு அங்கே யாரையும் விடமாட்டார்கள்; விடவும் கூடாது.

அதேபோல் தனியார் அன்பு இல்லங்கள். தீபாவளிக்கு அரிசி மூட்டையும் துணிமணியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு ஓடிவந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "இவளை நாங்க எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிடுகிறோம். அங்கிருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையாலோ, குடும்பம் உடைந்ததாலோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இல்லத்தை நடத்துபவருக்குப் பிள்ளையை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. பிள்ளையின் காதில் படும்படி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தாலே பெரிய புண்ணியம். அவள் அன்று இரவு முழுதும் உங்கள் காரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்னொரு இடம் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஆர்ஃபன்கேர் அறக்கட்டளை. 2010-ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் குழந்தைத் தொட்டிலை நிறுவியவர்கள் இவர்கள். வளர்க்க இயலாத தாய், குப்பைத் தொட்டியிலோ கழிப்பறையிலோ போட்டுவிட்டு ஓடாமல், பத்திரமாக வைத்துவிட்டுப் போவதற்கான தொட்டில். தமிழ்நாட்டில் 1992-இல் ஜெயலலிதா அம்மையார் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அங்கே பெண்சிசுக் கொலையைத் தடுக்க வந்தது. இங்கே திருமணமாகாத தாயின் பயத்தைத் தணிக்க வந்தது. தத்தெடுக்க விரும்புவோர் எந்த இனத்தவராயினும் இவர்களிடம் விசாரிக்கலாம்.

மூன்றாவது வழிதான் நம்மவர் மிகுதியாகப் போகும் வழி. தெரிந்த தாதி, கோயில் அம்மா, தோழியின் தோழி மூலம் பெற்ற தாயிடமிருந்தே நேரடியாகப் பெறுவது. இது சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. தாய் மனமுவந்து எழுத்தில் சம்மதித்து, பிள்ளை அவள் பெயரிலேயே முறையாகப் பதிவாகி, பிறகு நீதிமன்றம் போனால் செல்லும். ஆனால் இந்தப் பாதையில்தான் பள்ளங்கள் அதிகம்.

முதல் பள்ளம் பணம். தத்துக்கு ஈடாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் நடக்கவில்லை என்று திருப்தியடைந்த பிறகே நீதிமன்றம் உத்தரவு தரவேண்டும் என்பது சட்டம். தரகரோ 'ஆஸ்பத்திரிச் செலவு', 'அம்மாவுக்குச் சத்துணவு' என்று பெயர் வைத்துப் பல ஆயிரம் வெள்ளி கேட்பார். பெண்ணுக்கு ஒரு விலை, ஆணுக்கு ஒரு விலை, சிவந்த நிறத்துக்கு இன்னொரு விலை! 2016-இல் அல் ஜசீரா தொலைக்காட்சி மலேசியாவில் குழந்தைகள் விற்கப்படுவதைப் பற்றி ஒரு விவரணப்படமே எடுத்து உலகுக்குக் காட்டியது. விலை பேசுகிற இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். உங்கள் ஆசை தூய்மையானதுதான். ஆனால் அந்தப் பணத்துக்காக இன்னொரு பெண் ஏமாற்றப்படுகிறாள்.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழமானது. "அம்மா பெயரே வேண்டாம், உங்க பெயரிலேயே பிரசவம் என்று எழுதிவிடலாம்" என்று ஆசை காட்டுவார்கள். தத்து, நீதிமன்றம் என்ற தொல்லையே இல்லை, உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரியே பத்திரம் என்பார்கள். அது பொய்ப் பதிவு, குற்றம். சந்தேகம் வந்து மரபணுச் சோதனை கேட்டால் ஒரே நாளில் வெளியாகிவிடும். பெற்றோர் வழக்கில் மாட்ட, பிள்ளையின் பத்திரம் செல்லாததாகும். தண்டனை யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படி வெளியாரிடமிருந்து ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்று சிறார் சட்டம் சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆசிரியையான எனக்கே தெரியாமல் இருந்தது.

இனி நீதிமன்றம். முஸ்லிம் அல்லாதார்க்கு உரியது 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம், எண் 257. விண்ணப்பிப்பவருக்கு 25 வயது நிரம்பி, பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்கவேண்டும். உறவுக்காரப் பிள்ளையென்றால் 21 வயது நிரம்பினால் போதும். தனி ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்கச் சிறப்புக் காரணம் இருந்தாலன்றி அனுமதியில்லை. பிள்ளை தொடர்ந்து மூன்று மாதமாவது உங்கள் பராமரிப்பில் இருந்திருக்கவேண்டும். தத்தெடுக்கப்போகிறோம் என்று சமூக நல அதிகாரிக்கும் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவித்திருக்கவேண்டும். பெற்ற தாயின் சம்மதம் வேண்டும். அவள் பிள்ளையைக் கைவிட்டவளாகவோ தேடியும் கிடைக்காதவளாகவோ இருந்தால் நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலும் உத்தரவு தரலாம். பிள்ளையின் நலனைக் கவனிக்க ஒரு காப்பாளரை நீதிமன்றமே நியமிக்கும். அவர் விசாரித்து அறிக்கை கொடுப்பார். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுச் செய்யலாம். கிள்ளானில் உள்ளவர்களுக்குக் கிள்ளானும் ஷா ஆலமும். தலைநகர்க்காரர்களுக்கு ஜாலான் டூத்தா. ஊர் கூடிப் பார்க்கும் வழக்கு அல்ல, நீதிபதியின் அறையில் நடப்பது. வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையத்திலும் முதலில் விசாரித்துப் பாருங்கள்.

உத்தரவு கிடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை சட்டப்படி உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை. உயில் எழுதாமல் நீங்கள் கண்ணை மூடினாலும் சொத்தில் பங்கு உண்டு. தேசியப் பதிவு இலாகா தரும் புதிய பிறப்புப் பத்திரத்தில் தாய் தந்தை இடத்தில் உங்கள் பெயர்கள் ஏறும்.

இதைவிடச் சுலபமாக ஒரு வழி இருக்கிறதாமே என்பார்கள். இருக்கிறது. அதே 1952-ஆம் ஆண்டின் தத்துப் பதிவுச் சட்டம், எண் 253. இரண்டு ஆண்டுகளாக ஒரு பிள்ளையை வளர்த்து வருபவர், நீதிமன்றம் போகாமல் பதிவு இலாகாவிலேயே பதிந்துகொள்ளலாம். பெரும்பாலும் முஸ்லிம்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள், நமக்கும் திறந்ததுதான். ஆனால் சொத்துரிமை இதில் வராது. செலவு குறைவு என்று இதில் நின்றுவிட்டு, பிற்பாடு சித்தப்பா பிள்ளைகள் வீட்டுக்குப் பங்கு கேட்டு வரும்போது திகைத்தவர்களை நான் அறிவேன். உங்களால் முடிந்தால் 257-க்கே போங்கள்.

இப்போது அந்த மாணவனின் கதை.

ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிதில், எங்கள் பள்ளிக்கு எதிர் லயத்தில் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் செம்பனைக் குலை வெட்டுபவர். மனைவி உரம் போடும் கூட்டத்தில் வேலை. பிள்ளையில்லை. ஒரு நாள் காலையில் அந்த அக்கா துண்டில் சுற்றிய ஒரு ஆண் சிசுவோடு வந்து நின்றார். நகரத்தில் ஏதோ ஒரு சின்னப் பிரசவ விடுதி. தாய் பெற்றுப்போட்டுவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டாள். அங்கே வேலை செய்த ஆயா இவர்கள் கையில் கொடுத்தாள். லயமே கூடிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தது. நானும் சாப்பிட்டேன். "டீச்சர், பிள்ளைக்குச் சூராட் பிராணாக் எப்படி எடுக்கிறது?" என்று அக்கா என்னைத்தான் கேட்டார், படித்தவள் என்று நம்பி. "அவசரமில்லை அக்கா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

2011-இல் அரசாங்கம் பத்திரமில்லாத இந்தியர்களுக்காக 'மைடஃப்தார்' இயக்கம் நடத்தியபோதுதான் அவர்கள் முதல் மனுவை எழுதினார்கள். பையனுக்கு அப்போது ஐந்து வயது. பிரசவ விடுதி மூடப்பட்டிருந்தது. ஆயா எங்கே என்று தெரியவில்லை. தாயின் பெயர் எவருக்கும் தெரியவில்லை. தாமதப் பதிவில் பத்திரம் வந்தது. எட்டாவது வயதில் நீதிமன்றத் தத்து உத்தரவும் வந்தது. அம்மா அப்பா பெயர் ஏறிவிட்டது என்று மறுபடியும் பொங்கல். ஆனால் புதிய பத்திரத்திலும் குடியுரிமை என்ற இடத்தில் 'புக்கான் வார்கானெகாரா', குடிமகன் அல்ல, என்று இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் மைகார்ட் எடுக்கப் போனபோது அவனும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். எடுக்காமல் திரும்பி வந்தான். அடுத்த நாள் பள்ளிக்கு வரவில்லை.

வாசகர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். தத்து உத்தரவு கிடைத்ததால் மட்டும் குடியுரிமை தானாக வந்துவிடாது. பெற்றவர்கள் யார் என்பதைப் பொறுத்தே அது முடிவாகிறது. திருமணமாகாத தாயின் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையே கணக்கு. தகப்பன் மலேசியனாக இருந்தும் பயனில்லை. ஆகவே பிள்ளையைக் கொடுக்கும் தாயிடம், "உங்கள் அடையாளக் கார்டு என்ன நிறம் அம்மா?" என்று கேளுங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள், ஏனென்றால் பார்த்த பிறகு உங்களால் கேட்க முடியாது. அவள் வெளிநாட்டவளாகவோ அவளுக்கே பத்திரமில்லாமலோ இருந்தால் பிள்ளையை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை; எதற்குள் இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்குங்கள். 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதியவேண்டும். தாயின் பத்திர நகல், கையொப்பமிட்ட சம்மதம், மருத்துவமனைச் சீட்டு ஒவ்வொன்றையும் நாலு நகல் எடுத்து வையுங்கள். பிள்ளை கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்டதென்றால் அன்றே போலீஸ் புகார் வேண்டும். அந்த ஒரு தாள் பின்னாளில் அவன் தலையெழுத்தையே மாற்றக்கூடும்.

ஏனென்றால் 2021 நவம்பர் 19-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. பெற்றோர் யாரென்று தெரியாத, பிறந்ததும் கைவிடப்பட்டு மலேசியத் தம்பதியால் தத்தெடுக்கப்பட்ட ஒரு சிறுவன், அரசமைப்புச் சட்டப்படி இந்நாட்டுக் குடிமகனே என்றது. கைவிடப்பட்ட சிசு இந்த மண்ணில் நிரந்தரமாக வாழும் ஒரு தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ளவேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை மாற்றும் யோசனை எழுந்தபோது பலர் எதிர்த்தார்கள். 2024 மார்ச் மாதம் அரசாங்கம் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவை நிறைவேற்றிய திருத்தத்தில் வேறொரு செய்தி இருக்கிறது. சிறப்புச் சூழலில் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்கும் 15ஏ பிரிவின் வயது வரம்பு 21-இலிருந்து 18-ஆகக் குறைகிறது. பிள்ளை வளரட்டும் என்று காத்திருப்பவர்கள் இனியும் காத்திருக்கவேண்டாம்.

இன்னொன்று. ஊருக்குப் போய், அண்ணன் பிள்ளையை மடியில் வாங்கி, ஐயரை வைத்து ஹோமம் வளர்த்து, பத்திரம் எழுதிக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் பிள்ளைகளுக்கு 'காரா' என்னும் மத்திய ஆணையத்தின் அனுமதி வேண்டும். நாடுகளுக்கிடையே தத்தெடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, மலேசியா சேரவில்லை. சுற்றுலா விசாவில் பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டு இங்கே தவிக்காதீர்கள்.

பத்திரத்தைப் பற்றியே பேசிவிட்டேன். மனத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தேடி வருகிறவர்களெல்லாம் பிறந்த சிசுதான் வேண்டும் என்கிறார்கள். நிறம் கேட்கிறார்கள். சாதி கேட்டவர்களும் உண்டு. அவர்களை நான் தேநீர் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன். நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகள், அண்ணன் தங்கையாகப் பிரிக்கக்கூடாத பிள்ளைகள் ஆகியோரை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. மேலும், தத்து என்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். லயத்தில் ரகசியம் தங்காது. நாலாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமி அதை விளையாட்டுத் திடலில், ரப்பர் பந்துச் சண்டையில், இன்னொரு பிள்ளையின் வாயால் கேட்டாள். அன்று அவள் வீட்டுக்குப் போக மறுத்து என் மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று வயதிலேயே கதை போல் சொல்லத் தொடங்கியிருந்தால், அவள் அந்தப் பிள்ளையிடம், "தெரியுமே!" என்று சொல்லிவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. எஸ்.பி.எம். எழுதினான், தேறினான். வாகன ஓட்டும் உரிமம் எடுக்க முடியவில்லை. பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். ஓட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் வேறொருவர் செய்கிறார். முதல் குடியுரிமை மனு தள்ளுபடியானது. இரண்டாவது மனுவில் வழக்கறிஞர் 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் சேர்த்திருக்கிறார். சென்ற வாரம் அவன் தொடக்கப்பள்ளிப் பதிவேட்டின் நகல் கேட்டு வந்தான். பழைய பேரேட்டைத் தேடி எடுத்தேன். முதலாம் ஆண்டுப் பதிவு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. பிறப்புப் பத்திர எண் எழுதவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவனும் அக்காவும் பதிவு இலாகாவுக்குப் போகிறார்கள். பிள்ளையாக வந்த நாள் முதல் பார்த்தவள் என்ற முறையில் சூராட் சும்பா எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் அரை நாள் விடுப்பும் சொல்லிவிட்டேன்.